தண்ணீர் குடிக்கும் பிளாஸ்டிக்: வாசகர் கேள்விகள்

சென்ற இதழில் ஒரு துணுக்கு போட்டிருந்தோம். குழந்தை டயபருக்குள் இருக்கும் ஈரம் உறிஞ்சும் பொடியை இனி சோயா, கோதுமைப் புரதத்திலிருந்தே செய்யலாம், அது மண்ணில் மட்கியும் விடும் என்று நாலே வரி. கடிதங்கள் எதிர்பார்த்ததைவிட நிறைய வந்துவிட்டன. துணுக்கு எழுதியவர் "செய்யலாம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எப்படி, யாரால், என்ன விலைக்கு என்பதெல்லாம் இந்தப் பகுதியின் தலையில் விழுந்திருக்கிறது. சரி, பார்ப்போம்.

கேள்வி: என் ஒன்றரை வயதுப் பையன் ஈரமான டயபரைப் பிய்த்து, உள்ளே இருந்த ஜெல்லி மாதிரிக் குருணையை வாயில் போட்டுவிட்டான். உடனே துடைத்து எடுத்துவிட்டேன், ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அது என்ன பொருள் என்று தெரிந்தாக வேண்டும்.
– ஒரு தாய், கோயம்புத்தூர்

அது சோடியம் பாலிஅக்ரிலேட். பெட்ரோலியத்திலிருந்து வரும் அக்ரிலிக் அமிலத்தைக் கோத்துச் செய்த பொடி. விஷத்தன்மை மிகக் குறைவு, எனவே வாயில் பட்டதற்காகப் பயப்பட வேண்டாம். பயப்பட வேண்டியது அடைப்புக்குத்தான். இருமல், மூச்சுத்திணறல், தொடர் வாந்தி, வயிறு உப்பல் எது தெரிந்தாலும் தாமதிக்காமல் டாக்டரிடம் போய்விடுங்கள். இதே ரகத்தில் கடையில் கலர் கலராக விற்கும் தண்ணீர் முத்துக்கள் இருக்கின்றனவே, அவைதான் நிஜமான ஆபத்து. சிறு உருண்டையாக உள்ளே போய்க் குடலில் பெரிதாகி அடைத்து, அறுவை சிகிச்சை வரை போன குழந்தைகள் உண்டு. வீட்டில் இருந்தால் இன்றே அப்புறப்படுத்துங்கள்.

இந்தப் பொடியின் பூர்வீகம் கொஞ்சம் வேடிக்கையானது. அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் பியோரியா என்ற ஊரில் அந்நாட்டு வேளாண் துறைக்கு ஓர் ஆய்வுக்கூடம் இருக்கிறது, இரண்டாம் உலகப்போர் சமயத்தில் பெனிசிலினை மொத்தமாகத் தயாரிக்க வழி கண்டுபிடித்த அதே இடம். மக்காச்சோளம் விளைந்து குவிகிறதே, அதன் ஸ்டார்ச்சுக்கு ஏதாவது புது உபயோகம் தேடுங்கள் என்பது அவர்களுக்கு இட்ட வேலை. 1970களின் தொடக்கத்தில் ஸ்டார்ச்சோடு அக்ரிலோநைட்ரைல் சங்கிலியை ஒட்டவைத்து, காரக் கரைசலில் வேகவைத்து, தன் எடையைப் போல் பல நூறு மடங்கு தண்ணீரைக் குடிக்கும் ஒரு பொருளைச் செய்தார்கள். 'சூப்பர் ஸ்லர்ப்பர்' என்று பெயர் வைத்தார்கள். அதாவது இந்தக் கதை விவசாயத்தில்தான் தொடங்கியது. அப்புறம் தொழிற்சாலைகள் பார்த்தன, ஸ்டார்ச் எதற்கு, அக்ரிலிக் மட்டுமே போதும், மலிவு, சுத்தம், கெட்டுப்போகாது. 1980களில் ஜப்பானில் தொடங்கி உலகம் முழுக்க டயபருக்குள் அது குடியேறிவிட்டது. செடியைக் கழற்றிவிட்ட இடத்துக்கே இப்போது சுற்றிக்கொண்டு திரும்பி வருகிறார்கள், இந்தத் தடவை ஸ்டார்ச்சுக்குப் பதில் புரதம்.

கேள்வி: புரதம் என்றால் பருப்பு, முட்டை என்றுதான் படித்திருக்கிறோம். அது எப்படி சார் பிளாஸ்டிக் ஆகும்? அப்படியே ஆனாலும் அது எப்படித் தண்ணீரை உறிஞ்சும்?
– ப்ளஸ் டூ மாணவர், மதுரை

நல்ல கேள்வி தம்பி, கொஞ்சம் நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும்.

பாலித்தீன் ஒரு நீண்ட சங்கிலி. புரதமும் நீண்ட சங்கிலிதான், அமினோ அமிலங்கள் நூற்றுக்கணக்கில் வரிசையாகக் கோத்தது. பாலித்தீனில் ஒரே துண்டு திரும்பத் திரும்ப வரும், தண்ணீரை ஏறெடுத்தும் பார்க்காத துண்டு. புரதத்தில் 20 வகைத் துண்டுகள், அதில் பாதிக்குத் தண்ணீரோடு உறவு உண்டு. விதைக்குள் இந்தச் சங்கிலி மடிந்து சுருண்டு கிடக்கும். சூடும் அழுத்தமும் கொடுத்தால் சுருள் பிரியும். ஆனால் வெறும் புரதத்தைச் சூடாக்கினால் உருகுவதற்கு முன்னால் கருகிவிடும். அதனால் கிளிசரின் சேர்த்துப் பிசைகிறார்கள். கிளிசரின் சங்கிலிகளுக்கு நடுவே புகுந்து அவற்றை வழுக்கிப் போகவைக்கிறது. அப்போது அச்சில் அழுத்தி எந்த உருவமும் கொடுக்கலாம். சூட்டில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலத்தின் கந்தக அணுக்கள் ஒன்றோடொன்று கைகோத்துக்கொள்ளும், உருவம் நின்றுவிடும். இவ்வளவுதான் புரத பிளாஸ்டிக்.

இது தானாகவே ஓரளவு தண்ணீர் குடிக்கும். ஆனால் 'சூப்பர்' பட்டம் வாங்க வேண்டுமானால் தன் எடையைப் போல் குறைந்தது 10 மடங்காவது குடிக்க வேண்டும் என்பது இந்தத் துறையின் கணக்கு. அதற்குத்தான் வேதியியல் மாற்றம் தேவைப்படுகிறது. லைசின் என்ற அமினோ அமிலத்துக்கு ஒரு வால் உண்டு, அதன் நுனியில் அமின் தொகுதி, சாதாரண நிலையில் நேர்மின் சுமை. சக்சினிக் அன்ஹைட்ரைடு என்ற பொருளைச் சேர்த்தால் அதன் ஒரு முனை அந்த அமினைப் பிடித்துக்கொள்ளும், மறுமுனை எதிர்மின் சுமையுள்ள கார்பாக்சில் தொகுதியாகத் திறந்து நிற்கும். பிளஸ் இருந்த இடத்தில் மைனஸ் வந்துவிட்டது. இதற்கு அசைலேற்றம் என்று பெயர், பரீட்சையில் கேட்டாலும் கேட்பார்கள். அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் தாமோதரனும் ஹ்வாங்கும் 1996-ல் வெளியிட்ட ஆய்வில் இன்னும் ஒரு படி மேலே போய், ஈடிடிஏ டைஅன்ஹைட்ரைடு என்ற பொருளைப் பயன்படுத்தினார்கள். ஒரே லைசின் வாலில் மூன்று கார்பாக்சில் ஏறிவிடும்.

இப்போது சங்கிலி முழுக்க மைனஸ். மைனஸ்கள் ஒன்றையொன்று தள்ளும், சங்கிலி விரியும். ஒவ்வொரு மைனஸுக்கும் துணையாக ஒரு சோடியம் அயனி உள்ளேயே நிற்கிறது, அதாவது உள்ளே உப்பு, வெளியே நல்ல தண்ணீர். நறுக்கிய மாங்காயில் உப்பைப் போட்டு வைத்தால் கொஞ்ச நேரத்தில் தண்ணீர் விட்டு நிற்கிறதல்லவா, உப்பு எங்கே கூடுதலோ அந்தப் பக்கம் தண்ணீர் ஓடும். இங்கே உப்பு இருப்பது ஜெல்லுக்குள், அதனால் தண்ணீர் உள்நோக்கி ஓடுகிறது. அப்படியே விட்டால் சங்கிலிகள் பிரிந்து கரைந்தே போய்விடும். அதைத் தடுக்கச் சங்கிலிகளுக்கு நடுவே ஆங்காங்கே முடிச்சுப் போட வேண்டும். முடிச்சு குறைந்தால் கரையும், அதிகமானால் விரியாது. இந்தத் துறையின் பாதி ஆராய்ச்சி இந்த முடிச்சுகளின் எண்ணிக்கையைப் பற்றித்தான். முடிச்சுப் போட விஸ்கான்சினில் குளுடரால்டிஹைடு பயன்படுத்தினார்கள், அது தோலுக்கும் மூச்சுக்கும் ஆகாத பொருள். ஸ்வீடன் ஆய்வாளர்கள் கோதுமைப் புரத நுரைகளில் ஜெனிபின் என்ற பொருளைப் போட்டுப் பார்த்தார்கள், அது கார்டீனியா என்ற செடியின் காயிலிருந்து எடுப்பது. விலைதான் கேட்கக் கூடாது.

இன்னொன்று. இதே மாங்காய்க் கணக்குப்படி, வெளியே இருக்கும் தண்ணீரிலும் உப்பு இருந்தால் உறிஞ்சும் வேகமும் அளவும் விழுந்துவிடும். சோடியம் பாலிஅக்ரிலேட் சுத்தமான தண்ணீரில் பல நூறு மடங்கு குடிக்கும், 0.9 சதவீத உப்புநீரில் சுமார் 30 முதல் 50 மடங்குதான். சிறுநீரும் உப்புநீர்தானே. அதனால் எந்த ஆய்வு "300 மடங்கு, 500 மடங்கு" என்று மார்தட்டினாலும், எந்தத் தண்ணீரில் என்று முதலில் பார்.

கேள்வி: 1941-லேயே ஹென்றி ஃபோர்டு சோயாவில் காரே செய்துவிட்டாராமே? அப்படியென்றால் இதில் புதிதாக என்ன இருக்கிறது?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், தஞ்சாவூர்

ஐயா, செய்தது உண்மை. 1941 ஆகஸ்டில் மிச்சிகன் மாநிலத்தின் டியர்பார்னில் மக்கள் முன் காட்டினார்கள். ஆனால் எஃகுக் குழாய்ச் சட்டத்தின் மேல் 14 பிளாஸ்டிக் பலகைகளைப் பொருத்திய கார் அது, எல்லாம் சோயா இல்லை. பலகைகளின் சரியான சேர்மானக் குறிப்பே இன்று இல்லை. அதை உருவாக்குவதில் இருந்தவர் பின்னாளில் சொன்னது, சோயா நாரைப் பீனாலிக் பிசினில் ஃபார்மால்டிஹைடு என்ற ரசாயனத்தோடு ஊறவைத்தது என்பதுதான். போர் வந்தது, கார் உற்பத்தியே நின்றது, அந்தக் கார் அழிக்கப்பட்டது. காருக்கு முந்தைய ஆண்டு ஃபோர்டு, சோயாப் பலகை போட்ட காரின் டிக்கியைக் கோடாரியால் ஓங்கி அடித்துக் காட்டிய புகைப்படம் மட்டும் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது.

புரத பிளாஸ்டிக் அதற்கும் முந்தையது. 1897-ல் ஜெர்மனியில் பால் புரதமான கேசினை ஃபார்மால்டிஹைடில் ஊறவைத்து கெட்டிப்படுத்தினார்கள். கேலலித் என்று பெயர். ஐம்பது அறுபது வருடம் உலகத்தில் ஏராளமான சட்டைப் பொத்தான்கள், குடைக் கைப்பிடிகள் அதில்தான். மெல்லிய தகடே வாரக்கணக்கில் ஊற வேண்டும், தடிமனாக இருந்தால் மாதக்கணக்கில். அவ்வளவு ஊறவைத்தும் ஈரத்தில் வைத்தால் வீங்கும், வளையும். புரத பிளாஸ்டிக் சந்தையில் தோற்றதற்குப் பெரிய காரணம் இதுதான். பாலித்தீனும் மற்ற பெட்ரோலிய பிளாஸ்டிக்குகளும் மலிவாக வந்து நின்றபோது, தண்ணீர் பட்டால் உப்பும் பொருளை யார் வாங்குவார்?

உங்கள் கேள்விக்குப் பதிலும் அதிலேயே இருக்கிறது. அரை நூற்றாண்டு காலம் புரத பிளாஸ்டிக்காரர்கள் எல்லோரும் அதைத் தண்ணீர் குடிக்கவிடாமல் செய்வதற்கே பாடுபட்டார்கள். இப்போதைய கூட்டம் அந்தச் சண்டையை விட்டுவிட்டு, குடிக்கட்டும், இன்னும் நன்றாகக் குடிக்கட்டும், குடிப்பதற்கே ஒரு வேலை கொடுப்போம் என்கிறது. எனக்கு இந்தத் துறையில் பிடித்த விஷயமே இந்தத் திருப்பம்தான்.

கேள்வி: எனக்கு அம்பத்தூரில் சிறிய இஞ்செக்‌ஷன் மோல்டிங் யூனிட் இருக்கிறது. என் மிஷினிலேயே இதை ஓட்ட முடியுமா? உண்மையைச் சொல்லுங்கள்.
– சிறுதொழில் நடத்துபவர், சென்னை

உருவம் வரும், வியாபாரம் வராது. இன்றைய நிலை இதுதான்.

ஸ்பெயினில் செவில் பல்கலைக்கழகத்தில் ஒரு குழு பல வருடங்களாகச் சோயாப் புரதத்தை இஞ்செக்‌ஷன் மோல்டிங் முறையிலேயே செய்துவருகிறது, எனவே முடியாது என்று சொல்ல முடியாது. சோயா ஐசொலேட், அதாவது 90 சதவீதம் புரதம் உள்ள பொடி, அதோடு கிளிசரின், அசைலேற்றத்துக்கு சக்சினிக் அன்ஹைட்ரைடு எல்லாம் சேர்த்து மிக்சரில் பிசைகிறார்கள். வருவது குருணை இல்லை, மாவு. நீங்கள் பாலித்தீன், பாலிபுரொப்பிலீன் ஓட்டிப் பழகியவர், உங்களுக்குப் பேரல் (பிளாஸ்டிக் உருகும் குழாய்) சூடு, டை (அச்சு) குளிர்ச்சி. இங்கே கிட்டத்தட்ட தலைகீழ், ரப்பர் ஓட்டுகிறவர்களுக்குப் பழகிய முறை: பேரலைக் குறைந்த சூட்டில் வைத்து, டையைச் சூடாக்கி அங்கே கெட்டிப்படவிடுவது. பேரலில் கொஞ்சம் அதிக நேரம் நின்றுவிட்டால் உள்ளேயே முடிச்சு விழுந்து ஸ்க்ரூ இறுகிவிடும். ஸ்க்ரூவைக் கழற்றிச் சுரண்டும் நாள் எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடை வேறு.

வெளியே வந்த துண்டு அப்படியே நன்றாகக் குடிக்காது. முதலில் தண்ணீரில் ஊறவைத்து, கிளிசரின் வெளியேறவிட்டு, அப்புறம் உலர்த்த வேண்டும். சாதாரணமாகக் காயவைத்தால் துளைகள் எல்லாம் சுருங்கி மூடிக்கொள்ளும். துளை திறந்தே இருக்க வேண்டுமென்றால் உறையவைத்து வெற்றிடத்தில் உலர்த்த வேண்டும், இன்ஸ்டன்ட் காபிக்குச் செய்கிறார்களே அந்த ஃப்ரீஸ் டிரையிங். அந்த மின்சாரக் கட்டணத்தில்தான் எல்லாக் கணக்கும் உடைகிறது. டயபர் கம்பெனிக்கு டன் கணக்கில் வேண்டும், அதுவும் பாலிஅக்ரிலேட் விலைக்கு. கடன் வாங்கி இதில் இறங்காதீர்கள். பக்கத்தில் உள்ள பொறியியல் கல்லூரியின் பாலிமர் துறை சோதனைக்கு மிஷின் நேரம் கேட்டால் கொடுங்கள், மெட்டீரியல் அவர்களுடையதாக இருக்கட்டும்.

கேள்வி: எங்களுக்குப் பரம்பரையாக எண்ணெய் மில். கடலைப் புண்ணாக்கில் புரதம் அதிகம் என்கிறார்கள். சோயாவுக்குப் பதில் அதைப் பயன்படுத்த முடியாதா?
– மில் உரிமையாளர், விருதுநகர்

முடியும், செய்தும் பார்த்தாயிற்று. உறிஞ்சும் பிளாஸ்டிக்காக இல்லை, துணியாக! பிரிட்டனின் ஐசிஐ என்ற ரசாயனக் கம்பெனி நிலக்கடலைப் புரதத்திலிருந்து கம்பளி மாதிரி ஒரு நூலைச் செய்தது. ஸ்காட்லாந்தில் ஆர்டீர் என்ற இடத்தில் உருவானதால் ஆர்டில் என்று பெயர். டம்ஃப்ரீஸில் 1951-ல் ஆலை ஓடத் தொடங்கியது, 1957-ல் மூடிவிட்டார்கள். கம்பளியோடும் பருத்தியோடும் கலந்து கோட்டு, ஸ்வெட்டர் எல்லாம் நெய்தார்கள். தொட்டுப் பார்க்க மென்மை, நனைந்தால் பலம் போய்விடும். மறுபடி அதே தண்ணீர்! நைலானோடு போட்டி போட முடியவில்லை.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். எண்ணெய் நன்றாக எடுத்த கடலைப் புண்ணாக்கில் சுமார் 45 சதவீதம் புரதம். அதைப் பிரிக்கும் வித்தை பெரிதில்லை. லேசான காரத் தண்ணீரில் கலக்கினால் புரதம் கரையும், சக்கையை வடிகட்டிவிட்டு அமிலம் விட்டுப் புளிப்பைக் குறிக்கும் பிஎச் அளவை 4.5 பக்கம் கொண்டுவந்தால் தயிர் போலத் திரிந்து அடியில் தங்கும். சிக்கல் என்னவென்றால் எண்ணெய் பிழியும் எக்ஸ்பெல்லரில் ஏறும் சூட்டிலேயே புரதம் பாதி வெந்துவிடுகிறது. வெந்த புரதம் சரியாகக் கரையாது, லைசின் வால்களும் சர்க்கரையோடு ஒட்டிக் கெட்டுவிடும். நமக்கு வேண்டியதே அந்த வால்கள். போதாக்குறைக்கு நிலக்கடலைப் புரதத்தில் லைசின் சோயாவைவிடக் குறைவு. மரச்செக்குப் புண்ணாக்கு சூடு படாதது, ஆனால் எண்ணெய் நிறைய தங்கியிருக்கும், அதை எடுக்க மறுபடி சால்வென்ட், அதாவது எண்ணெயைக் கரைத்தெடுக்கும் திரவம், வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று. புண்ணாக்கு மாட்டின் சாப்பாடு. பால் விலையும் தீவன விலையும் எங்கே நிற்கிறது என்று உங்களுக்கே தெரியும், அதில் டயபர் கம்பெனியும் வந்து போட்டி போட்டால் கறவை மாடு வைத்திருப்பவர் எங்கே போவார்? என்னைக் கேட்டால் தீவனத்துக்கு ஆகும் புண்ணாக்கைத் தொடவே கூடாது. ஆகாத புண்ணாக்கு என்று ஒன்று இருக்கிறதே, அதைப் பற்றி யோசிக்கலாம். மழையில் நனைந்த கடலையில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளடாக்சின் என்ற நச்சு ஏறிவிட்டால், மாட்டுத் தீவனத்துக்கான இந்தியத் தர வரம்பு கிலோவுக்கு 20 மைக்ரோகிராம். அதைத் தாண்டிய சரக்கை நேர்மையான வியாபாரி தீவனத்தில் கலக்க முடியாது. அந்தச் சரக்குக்கு உறிஞ்சும் பொருள் ஒரு வழியாக இருக்கலாம், தோலில் படாத இடங்களில், கசிந்த திரவங்களைத் துடைப்பது மாதிரியான வேலைக்கு. அப்போதும் அதை அரைக்கும் தொழிலாளியின் மூச்சுக்குள் தூசி போகும் என்பதை மறந்துவிடக் கூடாது.

கேள்வி: மரவள்ளி மாவில் ஆகுமா?
– சேகோ ஆலைக்காரர், சேலம்

மரவள்ளிக் கிழங்கில் புரதம் பேருக்குத்தான், சுமார் ஒரு சதவீதம். உங்களுடையது ஸ்டார்ச் வழி, முதலில் சொன்ன பியோரியா வழி. திருவனந்தபுரத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் மரவள்ளி ஸ்டார்ச்சிலிருந்தே அதிக நீர் உறிஞ்சும் பொருள் செய்திருக்கிறது. சேலத்திலிருந்து ஒரு நாள் பயணம், நேரில் போய்க் கேளுங்கள்.

கேள்வி: எங்கள் மகளிர் குழு நாப்கின் தயாரிக்கிறது. பிளாஸ்டிக் இல்லாத நாப்கின் கேட்டு வாங்குகிறவர்கள் கூடிவிட்டார்கள். இந்தப் புரதப் பொடியைப் போட்டால் 'முழுதும் மட்கும்' என்று எழுதி விற்கலாமா?
– குழுத் தலைவி, திண்டுக்கல்

எழுதாதீர்கள் அம்மா. நாப்கினில் உறிஞ்சும் பொடி ஒரு பங்குதான். மேலே தோலில் படும் துணி பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன், அடியில் கசியாமல் தடுப்பது பாலித்தீன், ஒட்டுப்பசை வேறு. நடுவில் உள்ளதை மட்டும் மாற்றிவிட்டு முழுதும் மட்கும் என்றால் அது பொய்.

உங்கள் குழு கோவை முருகானந்தம் மாடல் மிஷினில் ஓட்டுகிறது என்றால் நடுவில் மரக்கூழ்தான் இருக்கும், அது ஏற்கெனவே மட்கக்கூடியது. மரக்கூழ் ஈரத்தை வாங்கும், ஆனால் உட்கார்ந்து அழுத்தினால் திருப்பி விட்டுவிடும். ஜெல் அப்படி விடாது, அதற்காகத்தான் பெரிய கம்பெனிகள் பொடி போடுகின்றன. இதில் புரதம் எவ்வளவு தூரம் வந்திருக்கிறது? ஸ்டாக்ஹோமின் கேடிஹெச் பல்கலைக்கழகமும் ஸ்வீடன் வேளாண் பல்கலைக்கழகமும் சேர்ந்து, ஸ்டார்ச் ஆலைகளில் மிஞ்சும் கோதுமைப் புரதமான குளூட்டன், உருளைக்கிழங்குப் புரதம் இரண்டையும் அசைலேற்றம் செய்து பார்த்திருக்கிறார்கள். 2021-ல் அந்த ஆய்வு வெளியானது. கோதுமையும் உருளைக்கிழங்கும் ஸ்டார்ச்சுக்காக அரைபடுகின்றன, புரதம் பின்னால் தங்குகிறது, அதனால் யார் சாப்பாட்டிலும் கை வைக்கவில்லை என்பது அவர்கள் வாதம். நியாயமான வாதம். ஆனால் உப்புநீரில் அது இன்னும் பாலிஅக்ரிலேட் பக்கத்தில் வரவில்லை. மாதவிடாய் இரத்தத்துக்கு இன்னும் கஷ்டம், அதில் இரத்த அணுக்களும் புரதங்களும் கலந்திருப்பதால் ஜெல்லின் மேல்புறத்திலேயே படிந்து வழியை அடைத்துக்கொள்ளும். பாலிஅக்ரிலேட்டே இரத்தத்தில் திணறத்தான் செய்கிறது.

இப்போதைக்கு உங்கள் நாப்கினில் மரக்கூழ் இருக்கட்டும், பெட்டியில் எது மட்கும், எது மட்காது என்று பிரித்தே எழுதுங்கள். வாங்குகிறவர்களுக்குப் புரியும்.

கேள்வி: என் மகளுக்குக் கோதுமை அலர்ஜி. நாளைக்கு கோதுமைப் புரத நாப்கின் வந்தால் என்ன ஆகும்?
– வாசகி, டொராண்டோ

துணுக்கைப் படித்த யாரும் கேட்காத கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். ஜப்பானில் ஒரு முகம் கழுவும் சோப்பில் அமிலத்தில் உடைத்த கோதுமைப் புரதம் சேர்த்திருந்தார்கள், நுரை நன்றாக வரும் என்று. தினமும் அதில் முகம் கழுவியவர்களுக்குத் தோல், கண் வழியாக அந்தப் புரதம் உடம்புக்கு அறிமுகமாகி, அதுவரை நிம்மதியாகச் சாப்பிட்டுவந்த ரொட்டியும் நூடுல்ஸும் ஒத்துக்கொள்ளாமல் போய்விட்டன. பாதிக்கப்பட்டவர்கள் 2,000 பேருக்கு மேல். 2011-ல் சோப்பைத் திரும்பப் பெற்றார்கள். அமிலத்தில் உடைக்கும்போது குளூட்டனில் நிறைய இருக்கும் குளூட்டமின் பகுதி குளூட்டமிக் அமிலமாக மாறுகிறது, அதாவது மைனஸ் சுமை கூடுகிறது. நாம் மேலே பேசிய மாற்றமும் மைனஸை ஏற்றும் மாற்றம்தான், வழி வேறு. மாற்றிய புரதத்தை உடம்பு புதிய ஆளாகப் பார்க்கலாம் என்பதற்கு இதைவிட வேறு எச்சரிக்கை வேண்டாம். அதனால் தோலில் நாள் முழுக்கப் படும் எதிலும் இது வருவதற்கு முன் அலர்ஜிச் சோதனை கண்டிப்பாக வேண்டும், பெட்டியின் மேல் எந்தப் புரதம் என்று பெரிய எழுத்தில் போடவும் வேண்டும். உங்கள் மகள் தவிர்ப்பதே நல்லது. குளூட்டன் குடலைப் பாதிக்கும் சீலியாக் நோய் வேறு கதை, அது சாப்பிட்டால்தான் வரும், தோலில் பட்டால் பொதுவாக வராது.

கேள்வி: வயலில் போட்டால் தண்ணீரைப் பிடித்து வைக்கும் என்கிறார்களே, எங்கள் மானாவாரி மிளகாய்க்கு உதவுமா?
– விவசாயி, ராமநாதபுரம்

டெல்லியில் இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனம் 'பூசா ஹைட்ரோஜெல்' என்ற ஒன்றை ஏற்கெனவே கொண்டுவந்திருக்கிறது. செல்லுலோஸ் அடிப்படையிலானது, புரதம் இல்லை. ஏக்கருக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ என்பது அவர்கள் பரிந்துரை. மழை பெய்யும்போது வாங்கி வைத்து, காயும்போது வேருக்கு விடும். மழையே வராவிட்டால் எதுவும் விடாது, அதைச் சொல்லாமல் விற்பார்கள், கவனம்.

உங்கள் பகுதிக்கு இன்னொரு தொல்லை உண்டு. போர்வெல் தண்ணீர் உப்பு. சோடியம் மட்டுமென்றால் உறிஞ்சுவது குறையும், அவ்வளவுதான். கால்சியமும் மக்னீசியமும் இருந்தால், ஒரு அயனிக்கு இரண்டு பிளஸ் என்பதால் அது இரண்டு கார்பாக்சில்களை ஒரே நேரத்தில் பிடித்துக் கட்டிப்போட்டுவிடும். ஜெல் சுருங்கி இறுகிவிடும், மறுபடி நல்ல தண்ணீர் விட்டாலும் முழுதாக விரியாது. புரத ஜெல்லுக்கும் இதே கதிதான், ஈடிடிஏ சேர்த்த ரகத்துக்கு இன்னும் மோசம், ஏனென்றால் ஈடிடிஏவின் தொழிலே கால்சியத்தைப் பிடிப்பது.

புரதத்துக்கு ஒரு லாபம் இருக்கிறது. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைத் தின்று தீர்க்கும்போது தழைச்சத்து மண்ணிலேயே தங்கும். பாலிஅக்ரிலேட் எதுவும் தராது. செவில் குழு சோயா பிளாஸ்டிக்குக்குள் துத்தநாகச் சத்தை வைத்து, அது தண்ணீரோடு மெதுவாக வெளியே வரும்படி செய்து பார்த்திருக்கிறது. டயபரைவிட இந்த வழிதான் முதலில் தேறும் என்று எனக்குத் தோன்றுகிறது. வயலில் இது தோலில் படப்போவதில்லை, வெள்ளையாக இருக்க வேண்டியதில்லை, வாடை அடித்தாலும் யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் வெளித்தோட்டப் பயிருக்கு முன்னால் நர்சரித் தொட்டிக்குத்தான் வரும். இந்த வருடத்துக்கு உங்களுக்குப் பண்ணைக்குட்டையும் மூடாக்கும்தான் நான் சொல்லக்கூடியவை.

கேள்வி: கடையில் 'பயோ', 'மட்கும்' என்று எழுதியிருப்பதை எப்படி நம்புவது?
– வாசகர், திருச்சி

தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பலவற்றுக்குத் தடை, அதிலிருந்து தப்பிக்கவே பாதிப் பைகளில் இந்த வார்த்தை அச்சாகிறது. மட்கும் பிளாஸ்டிக் என்று விற்க மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் சான்றிதழ் வேண்டும், அந்த எண் அச்சாகியிருக்க வேண்டும். அதன் பின்னால் இருக்கும் ஐஎஸ்ஓ 17088 தரம் பேசுவது தொழிற்சாலை உரக்குழியைப் பற்றி, சுமார் 58 டிகிரிச் சூட்டில் 180 நாளுக்குள் 90 சதவீதம் மட்க வேண்டும் என்று. உங்கள் வீட்டுக் கொல்லையைப் பற்றி இல்லை. புரத பிளாஸ்டிக் கொல்லையிலும் மட்கும், ஆனால் முடிச்சு எவ்வளவு அதிகமோ அவ்வளவு மெதுவாக.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வினோதமான நிலைமை. அங்கே 2019-ல் வந்த சட்டப்படி, வேதியியல் முறையில் மாற்றாத இயற்கைப் பாலிமர், அதாவது இயற்கையான சங்கிலிப் பொருள், மட்டுமே பிளாஸ்டிக் கணக்கில் சேராது. புரதத்தில் சக்சினிக் அன்ஹைட்ரைடைச் சேர்த்த நிமிடமே அது மாற்றியதாகிவிடுகிறது. அதனால் எவ்வளவு வேகமாக மட்கினாலும் அந்தப் பொடி போட்ட நாப்கின் பெட்டியில், இதில் பிளாஸ்டிக் இருக்கிறது என்ற முத்திரையைப் போட்டாக வேண்டும்.

கேள்வி: இந்தப் பிளாஸ்டிக்கை மாடு தின்றால்?
– வாசகர், பொள்ளாச்சி

பயன்படுத்திய டயபரை மாடு தின்னக் கூடாது, உள்ளே எந்தப் பொடி இருந்தாலும். அது வயிற்றுக்குள் போய் ஊதிப் பெரிதாகும், கிருமியும் கூடவே போகும். ஆனால் கெட்டிப்படுத்திய புரதம் மாட்டுக்குப் புதிதில்லை. புண்ணாக்கில் ஃபார்மால்டிஹைடை அளந்து தெளித்து, முதல் இரைப்பையில் கரையாமல் தாண்டிப் போய்க் குடலில் செரிக்கும்படி செய்கிற 'பைபாஸ் புரோட்டீன்' தீவனத்தைத் தேசியப் பால்வள வாரியம் பல வருடங்களாகப் பரப்பிவருகிறது. கேலலித் பொத்தான் செய்தவர்கள் போட்ட அதே முடிச்சுதான், அளவு மட்டும் ரொம்பக் குறைவு. உங்கள் ஊர் பால் சொசைட்டியில் விசாரித்துப் பாருங்கள்.